'தூ ரிஸ்க்' என்றொரு பொய்

கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் நம் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ பிரான்ஸில் இருக்கிறார்கள். மே மாதம் பிறந்தால் காந்தி சிலை பக்கத்து பெஞ்சுகள் காலி. போகிறவர்களில் சிலர் அங்கே போய்க் காரும் ஓட்டுகிறார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குப்பா, என்ன பயம்?" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கதை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஏன் வெட்கம் என்றால், நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஒரு தப்புக்கு ஒரு அடி என்று 'திக்தே' எழுதி வளர்ந்தவன். அரசு வேலையில் சேர்ந்த பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவதுதான் என் மேஜையின் பெரும்பாலான வேலை. வில்லங்கம் எந்த வரியில் ஒளிந்திருக்கும் என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவன். அப்படிப்பட்ட நான் ஒரு கவுண்டரில் நின்று, மூன்று நிமிடத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

2024 மே மாதம் நானும் என் மனைவியும் லியோனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, 'சொல்தா' பென்ஷனோடு துலோனில் குடியிருக்கிறான். பார்த்து இருபத்திரண்டு வருடம். ரயிலில் போயிருக்கலாம். மருமகனும் அதையே சொன்னார். "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, நான் ஓட்டுவேன்" என்று ஏழு நாளைக்கு ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுத்தேன். இங்கே போக்குவரத்துத் துறையில் 1000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தது. அந்த விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. என் பிரெஞ்சைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். இந்த வயதில் அந்தக் கேள்வியைவிட இனிப்பான மிட்டாய் ஏது? பிறகு ஒரு நாளைக்கு 19 யூரோ கூடக் கட்டினால் 'தூ ரிஸ்க்' ஆகிவிடும், எதுவானாலும் ஒரு சென்டிம்கூடக் கேட்க மாட்டோம் என்றாள். 'தூ' என்றால் எல்லாம். 'ரிஸ்க்' என்றால் ஆபத்து. எல்லா ஆபத்துக்கும். ஏழு நாளைக்கு 133 யூரோ. "வூ ஸெத் கூவேர், மெஸ்யே" என்று சாவியைக் கொடுத்தாள். உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது ஐயா என்று அர்த்தம்.

லியோனிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் முன்னூறு சொச்சம் கிலோமீட்டர் நன்றாகவே ஓட்டினேன். வலது பக்கம் ஓட்டுவது அரை மணியில் பழகிவிட்டது. தோழன் வீடு ஒரு மலைச்சரிவில். குறுகலான பாதை. எதிரே ஒரு வேன் வந்தது. அதற்கு வழி விட ஒதுங்கினேன். வலது முன்சக்கரம் சாலையோரக் கருங்கல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. டயர் வெடித்தது. வண்டியின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்தது. ஆயில் ஒழுகத் தொடங்கியது. யாருக்கும் கீறல் இல்லை. என் மனைவி மட்டும் "ஏங்க, ரயில்ல வந்திருக்கலாம்ல" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே தடவைதான். பெரிய மனசு.

தோழனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஒன்னும் ஆகாது, தூ ரிஸ்க் இருக்கு." அவன் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாக அந்த நாட்டில் இருப்பவன் அல்லவா.

பத்து நாள் கழித்து என் கார்டிலிருந்து 1386 யூரோ போய்விட்டது. டயர், ஆயில் தொட்டி, இழுத்துப் போன வண்டிக்கூலி, அதற்குமேல் 'தொசியே' கட்டணம், அதாவது என்னிடமிருந்து பணம் பிடுங்கக் காகிதம் தயாரித்த கூலி. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய். என் மூன்று மாதப் பென்ஷனுக்கு மேல். போன் செய்து கேட்டேன். டயர், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் இவையெல்லாம் நீங்கள் வாங்கிய பாதுகாப்பில் அடங்காது, ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி.

நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். வேறு கம்பெனிகளின் நிபந்தனைகளையும் அப்புறம் உட்கார்ந்து படித்தேன். வார்த்தை மாறுகிறது, சங்கதி ஒன்றுதான். இவர்களில் ஒருவரை மட்டும் திட்டினால் மற்றவர்களை யோக்கியர்கள் என்று சொன்னதாகிவிடும்.

மருமகனிடம் இதைச் சொன்னபோது அவர் அமைதியாக, "மாமா, கையெழுத்து போட்டது நீங்கதானே. படிச்சிருக்கணும்" என்றார். நியாயமான வாதம்தான். நானே என் மேஜைக்கு எதிரில் அழுத எத்தனையோ பேரிடம் இதையேதான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இதற்கு என்னிடம் ஒரு குமாஸ்தாவின் பதில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் ஒரு ஆணையின் தலைப்பு ஒன்றாகவும் உள்ளே இருக்கும் பத்தி வேறாகவும் இருந்தால், அந்தக் கோப்பு திரும்பி வரும். 'அனைத்து ஊழியர்களுக்கும்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, நான்காம் பக்கத்தில் 'கடைநிலை ஊழியர், தற்காலிக ஊழியர், ஓய்வு பெற்றோர் நீங்கலாக' என்று எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் சுழிப்பார். 'அனைத்து' என்பதை அடி, அல்லது 'நீங்கலாக' என்பதை அடி. இரண்டும் ஒரே காகிதத்தில் இருக்கக் கூடாது. ஒரு யூனியன் பிரதேசத்தின் சின்ன அலுவலகத்துக்கே இருந்த இந்த நாணயம், உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஏன் இல்லை?

எல்லாவற்றையும் சேர்த்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். அல்லது 'சில ஆபத்துகள்' என்று பெயர் வைக்கட்டும். டயரும் அடிப்பாகமும் ஓட்டுநரின் கவனக்குறைவால்தான் சேதமாகின்றன, அதனால்தான் விலக்கு என்பது அவர்களுடைய இன்னொரு சமாதானம். ஐயா, விபத்து என்பதே பெரும்பாலும் யாரோ ஒருவரின் கவனக்குறைவுதானே? கவனம் தப்பாத மனிதனுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இது பலருக்குத் தெரியாது. வாடகைக் கவுண்டரில் விற்கும் அந்த 'பாதுகாப்பு' பெரும்பாலும் இன்சூரன்ஸே கிடையாது. வண்டிக்குச் சேதம் வந்தால் உன்னிடம் முழுப் பணம் கேட்க மாட்டேன் என்று வாடகைக் கம்பெனி தருகிற ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2018 முதல் இன்சூரன்ஸ் விற்கிறவர்கள், எது அடங்கும், எது அடங்காது என்று ஒரு சின்னத் தாளில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. இது இன்சூரன்ஸ் இல்லாததால் அந்தத் தாளும் கவுண்டரில் வராது. பெயரில் இன்சூரன்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடமை என்று வரும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு வார்த்தை. நாம் 'காம்ப்ரிஹென்சிவ்', 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்கிறோமே, இந்திய மோட்டார் டாரிஃப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'பேக்கேஜ் பாலிசி'. 'ஃபுல்' என்று அதில் யாரும் எழுதவில்லை. ஏஜென்ட் வாயில் அது ஃபுல் ஆகிவிட்டது. அந்தப் பாலிசியில் 'ஜியாக்ரஃபிகல் ஏரியா' என்று ஒரு கட்டம் இருக்கும். எடுத்துப் பாருங்கள், 'இந்தியா' என்று மட்டும் இருக்கும். வண்டி எல்லையைத் தாண்டினால் பாலிசி சோதனைச் சாவடியிலேயே இறங்கிக்கொள்ளும். நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு மட்டும் அதை நீட்டிக்கலாம். 2002 டாரிஃப்படி பேக்கேஜ் பாலிசிக்கு 500 ரூபாய், வெறும் மூன்றாம் நபர் பாலிசிக்கு 100 ரூபாய். கப்பலில் வண்டி போகும்போது ஆகும் சேதம் அதிலும் சேராது. நேபாளத்துக்கு வண்டியிலேயே யாத்திரை போகிறவர்கள் இந்த 500 ரூபாயைக் கட்டுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். பிரான்ஸுக்கோ இந்த நீட்டிப்பு கிடையாது. இங்கே இருபது வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதைக் கவுண்டரில் சொன்னால் புன்னகைப்பார்கள்.

விசாவுக்காக எடுக்கும் பயண இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டுமானால் குறைந்தது 30,000 யூரோவுக்கு அந்தக் காப்பீடு கட்டாயம். அது உடம்புக்கு. திடீர் நோய், ஆஸ்பத்திரி, ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவு. வாடகைக் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் 'பெர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு வரி இருந்தாலும், மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பு நீங்கலாக என்று வழக்கமாக அடுத்த வரியிலேயே இருக்கும். டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடையில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பார்கள். அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன், அவனும் படித்திருக்க மாட்டான்.

வாடகைக் காரை விடுங்கள். அதைவிடப் பெரிய வினை பிள்ளையின் காரை வாங்கி ஓட்டுவது. இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

நம் கூட்டத்தில் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களும் பின்னூட்டத்தில் சொல்லாதீர்கள். மகன் பாரிஸ் பக்கத்தில். "அப்பா, வண்டி சும்மாத்தான் நிக்குது, அம்மாவைக் கூட்டிக்கிட்டு சுத்துங்க" என்று சாவியைக் கொடுத்தான். பாசத்தில்தான் கொடுத்தான். ஒரு ரவுண்டானாவில், உள்ளே சுற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு இவர் வழி விடவில்லை. இடித்துவிட்டார். தப்பு இவர் பக்கம். இறங்கி அந்த 'கோன்ஸ்தா அமியாப்ல்' என்கிற படிவத்தை இருவரும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். நாகரிகமான ஏற்பாடு, நம் ஊரைப் போலக் கூட்டம் கூடாது. ஐந்து வேலை நாளுக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினார்கள்.

எதிராளிக்குக் கம்பெனி கொடுத்துவிட்டது. 1958 பிப்ரவரி 27ஆம் தேதிச் சட்டத்திலிருந்து அங்கே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதில் தப்பிக்க முடியாது. மகனுடைய வண்டிக்கு வந்தபோதுதான் பக்கத்தைப் புரட்டினார்கள். அவன் பாலிசியும் 'தூ ரிஸ்க்' தான். ஆனால் பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக 'கோந்த்யுயித் எக்ஸ்க்ளுசீவ்' என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருந்தான். அதாவது தானும் மனைவியும் தவிர வேறு யாரும் ஓட்டுவதில்லை. அப்பா 'வேறு யாரும்' ஆகிவிட்டார். கைப்பணமாகக் கட்ட வேண்டிய 'பிரான்ஷிஸ்' தொகை பல மடங்கு ஏறியது. பழுதுச் செலவில் பெரும்பகுதி மகன் தலையில்.

அதோடு போகவில்லை. அந்த நாட்டில் 'பொனுஸ் மலுஸ்' என்று ஒரு கணக்கு. முதலில் எண் 1. விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 5 சதவீதம் இறங்கும், 0.50 வரை. தப்பு நம் பக்கம் என்று ஒரு விபத்து பதிவானால் எண்ணை 1.25 ஆல் பெருக்குவார்கள். இந்தக் கணக்கு வண்டியை ஓட்டிய அப்பா பெயரில் அல்ல, பாலிசிக்காரன் பெயரில் ஏறும். மகனுடைய எண் நான்கு வருடத்தில் 0.80க்கு இறங்கியிருந்தது. 0.80ஐ 1.25 ஆல் பெருக்குங்கள். சரியாக 1. நான்கு வருடக் கவனம் ஒரு ரவுண்டானாவில் போனது.

பணத்தால் வந்த கோபம் என்று சொல்ல முடியாது. மருமகள் "யாரைக் கேட்டுச் சாவி கொடுத்தீங்க" என்று கேட்டாளாம். மகன் பதில் சொல்லாமல் இருந்தானாம். அந்த மௌனத்தைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. டிக்கெட்டை முன்கூட்டி மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது பேரப்பிள்ளையோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிறார். மகன் பின்னால் நடந்து போவது தெரியுமாம். இதையும் 'தூ ரிஸ்க்' பட்டியலில் சேர்க்க ஏதாவது கம்பெனி இருந்தால் சொல்லுங்கள்.

'பிரே த வொலான்' என்று ஒரு பிரிவு அந்த ஒப்பந்தங்களில் இருக்கும். ஸ்டீயரிங்கைக் கடன் கொடுப்பது என்று அர்த்தம். சில பாலிசியில் அனுமதி உண்டு, சிலவற்றில் கூடுதல் பிரான்ஷிஸோடு உண்டு, சிலவற்றில் கிடையவே கிடையாது. பிள்ளை கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, அப்பா இரண்டு மாதம் ஓட்டுவார், இந்திய லைசென்ஸ், பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டால் எழுத்தில் பதில் வரும். சாவி வாங்குவதற்கு முன் அந்தப் பதிலைக் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்க என்ன கூச்சம்? பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால்: சாவியை மேஜைமேல் வைப்பதற்குப் பதிலாக அந்த மெயிலைப் போடுங்கள்.

கடைசியாக, வண்டியைவிட விலை உயர்ந்த பொருள் ஒன்று. நம் உடம்பு. 1985 ஜூலை 5ஆம் தேதி அங்கே ஒரு சட்டம் வந்தது. அப்போது நீதி அமைச்சராக இருந்த ரொபேர் பதேந்தேர் பெயரால் அழைக்கிறார்கள். மோட்டார் விபத்தில் அடிபட்டவர்களுக்கு விரைவாக நஷ்டஈடு கிடைக்கச் செய்த அருமையான சட்டம். அதில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயது தாண்டியவர்களுக்கும் தனிச் சலுகை. நடந்து போகும்போதோ, சைக்கிளில் போகும்போதோ, காரில் பயணியாக இருக்கும்போதோ அடிபட்டால், உடம்புக்கு வந்த சேதத்துக்கு உன் கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்க முடியாது. வேண்டுமென்றே போய் விழுந்தால் தவிர. என் வயசுக்காரனை அந்தச் சட்டம் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் தாங்குகிறது. அதே ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் இறக்கி விட்டுவிடும். ஓட்டுநருக்கு அந்தச் சலுகை இல்லை. தப்பு அவர் பக்கம் இருந்தால் நஷ்டஈடு குறையும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. அதற்கு 'கராந்தி கோந்த்யுக்தேர்' என்று தனியாக ஒரு பாதுகாப்பு எடுக்க வேண்டும். கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வயதில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சர்வதேச அனுமதி ஒரு வருடம்தான். செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால், எவ்வளவு பணம் கட்டி வாங்கிய பாதுகாப்பும் காகிதம்தான். இதில் மட்டும் கம்பெனிகளை நான் திட்ட மாட்டேன்.

நம்மவர்கள் இன்னும் கண்ணாடியில் ஒட்டிய பச்சைச் சீட்டைத் தேடுகிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது கிடையாது. நம்பர் பிளேட்டை வைத்தே போலீஸ் பார்த்துக்கொள்கிறது. சீட்டு இல்லையே என்று ஒருவர் மகனோடு சண்டை போட்டதாகக் கேள்வி.

வாடகைக் கம்பெனிக்கு நான் பிரெஞ்சில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது, அதில் பந்தயம் கட்டுகிறேன். 'தூ' என்ற சொல்லுக்குத் தங்கள் அகராதியில் என்ன பொருள் என்று கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் வாடிக்கையாளர் மனநிறைவு எங்களுக்கு முக்கியம் என்று தொடங்கி, 'தொசியே' கட்டணத்தை மட்டும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தருவதாக முடிந்தது. 60 யூரோ. என் கேள்விக்குப் பதில் இல்லை.

வரும் மே மாதம் மறுபடி போகிறோம். மகள் தன் காரையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஒப்பந்தத்தை அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். 46 பக்கம் வந்திருக்கிறது. பேரனுடைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படிக்கிறேன். இப்போது முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். பிரே த வொலான் இன்னும் வரவில்லை. என் மனைவி இதற்குள் துலோனுக்கு ரயில் டிக்கெட் என்ன விலை என்று மகளிடம் கேட்டு வைத்துவிட்டாள்.